டிங் சத்தம் ஆகாத மேனேஜர்

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டர் சரிபார்க்கப் போனபோது அந்த பேக்கிங் மேனேஜரைச் சந்தித்தேன். கசங்காத வெள்ளைச் சட்டை, தூக்கலான அத்தர் வாசனை, எதையும் படிக்காமல் என்டரைத் தட்டும் விரல். ஜெர்மனி ஆர்டரின் லேபிளில் நாற்பத்தொன்று என்று அடிக்க வேண்டிய சைஸை, உள்ளூர்ப் பழக்கத்தில் ஏழு என்று அடிப்பார். கம்ப்யூட்டர் உடனே ‘டிங்’ என்னும்.

“இந்த டிங்க நிறுத்துப்பா. ஒரே பேஜாரு.”

“தப்பா அடிச்சாதான் சார் அது சத்தம் போடுது.”

“அதான் சொல்றேன். பேக்கிங் பொண்ணுங்கல்லாம் திரும்பிப் பாக்குதுங்க. ஸ்பீக்கர்ல மட்டும் கை வெக்காத, நான் பாட்டு கேக்கணும்.”

எச்சரிக்கைச் சத்தத்தை மட்டும் அணைத்தேன். நாலு லேபிள் அடித்துப் பார்த்தவர் பூரித்துப்போனார்.

“பாத்தியா? இப்ப தப்பே வர்ல!”

அடுத்த மாதம் போனால், கூடம் நிறைய பெட்டிகள். ஏழு என்று ஒட்டிய லேபிள்களை அதே பெண்கள் நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் ஃபேனுக்குக் கீழே பாட்டு கேட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பாட்டைக் குறைத்தார். முகத்தில் நிஜமான வருத்தம்.

“இவ்ளோ தப்பு நடந்துருக்குப்பா. உன் கம்ப்யூட்டர் ஒரு வார்த்தை சொல்லவே இல்லியே?”