நிமிடத்துக்கு நாற்பத்தொன்று

காலையில் கண் விழித்ததும் உலமிலா எழுந்துவிட மாட்டாள். பாயில் படுத்தபடியே இடது மணிக்கட்டில் இரண்டு விரல்களை வைத்து, சுவர்க் கடிகாரத்தின் நொடிமுள் பன்னிரண்டைத் தொடும்வரை காத்திருப்பாள். பிறகு ஒரு முழு நிமிடம் நாடித் துடிப்பை எண்ணுவாள். அந்த எண்ணைத் தலைமாட்டில் கிடக்கும் நோட்டில் எழுதிய பிறகுதான் முகம் கழுவப் போவாள். மூன்று வருடமாக ஒரு நாள்கூடத் தவறியதில்லை. நோட்டின் முதல் பக்கத்தில் முதல் எண் எழுபத்தாறு. கடைசிப் பக்கத்தில் நாற்பத்தொன்று.

அந்த முப்பத்தைந்து துடிப்புகளையும் அவள் தன் தீவின் கடலோரத்துச் சிங்கடோக்கா மணல்மேடுகளில் ஏறி ஏறிக் குறைத்தாள்.

அதற்கு முன்னால் அவள் ஓட்டக்காரி இல்லை. கடலோர ஓட்டல் ஒன்றில் அறைகளைச் சுத்தம் செய்பவள். ஒரு நாளைக்குப் பதினாறு அறை, மூன்று மாடி. இருபத்தாறு வயதில் ஒரு சனிக்கிழமை, கல்யாண வீட்டுக்குப் போக வேண்டிய பஸ் அவளை விட்டுவிட்டுக் கிளம்பியது. தோளில் சுருட்டிய பாயோடு அதைத் துரத்தி அடுத்த நிறுத்தத்தில் பிடித்தாள். உள்ளே அவள் மாமன் மகன் எரோனி உட்கார்ந்திருந்தான். ஒரு காலத்தில் நாட்டுக்காக ஓடியவன். முழங்கால் கெட்டுப்போனதால், இப்போது மற்றவர்களை ஓட வைப்பவன்.

"என்ன புள்ள, பஸ்ஸுக்கே மூச்சு வாங்குது, உனக்கு வாங்கல?"

"உன்னை மாதிரி உக்காந்தே பெருத்த உடம்புன்னு நெனச்சியா மச்சான்?"

பஸ் முழுக்கச் சிரித்தது. மாமன் மகனும் அத்தை மகளும் இப்படித்தான் பேசிக்கொள்ள வேண்டும். கேலி இல்லாமல் மரியாதையாகப் பேசிக்கொண்டால், இரண்டு வீட்டுக்கும் ஏதோ தகராறு என்று ஊர் நினைத்துக்கொள்ளும்.

திங்கட்கிழமை விடியலில் அவன் அவளை மணல்மேட்டுக்குக் கூட்டிப்போனான். அந்த மணலில் இரண்டடி ஏறினால் ஓரடி சறுக்கும். முதல் நாள் பாதி உயரத்தில் வாந்தி எடுத்தாள். இரண்டாம் வாரம் கெண்டைக்கால் கல்லாகி, ஓட்டலில் படியிறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்கினாள். இரண்டு கால் நகங்கள் கறுத்து விழுந்தன. மூன்றாம் மாதம் சீருடை இடுப்பில் தொளதொளத்தது, தொடையில் இறுக்கியது. முன்பெல்லாம் பத்தாவது அறையில்தான் வியர்க்கும். இப்போது முதல் அறையிலேயே நெற்றி நனைந்தது. பயந்துபோய் எரோனியிடம் கேட்டாள்.

"நல்லதுதான் புள்ள. சூடு ஏறுறதுக்கு முன்னாடியே உடம்பு தண்ணி தெளிச்சுக்கக் கத்துக்கிச்சு."

நாடி அறுபதுக்கு இறங்கிய அன்று அவள் இன்னும் பயந்தாள். அவன் யாங்கோனா வேர்ச்சாறு குடிக்கும் கொட்டாங்கச்சிகளில் சின்னதும் பெரியதுமாக இரண்டை எடுத்துவந்து, ஒரு சட்டித் தண்ணீருக்கு முன்னால் வைத்தான்.

"இந்தச் சின்னதால மோந்தா எத்தனை தடவை?"

"பத்து."

"பெருசால?"

"அஞ்சு."

"அவ்வளவுதான். ஓட ஓட உன் இதயம் பெரிய சிரட்டையாகுது. ஒரு தடவையில நிறைய ரத்தம் மோந்து ஊத்துது. அப்புறம் எதுக்கு அவசரமா அடிச்சுக்கணும்? யாராவது கொறைவா இருக்கேன்னு பயமுறுத்தினா, எங்கிட்ட அனுப்பு."

உலமிலா அதை நம்பினாள். தன் உடம்பைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அவன் சொன்னதுதான். எப்போது சாப்பிடுவது, எப்போது தூங்குவது, எந்த வலியோடு ஓடலாம், எந்த வலிக்கு நிற்க வேண்டும் என எல்லாமே அவன் வாயிலிருந்து வந்தவை. வாரா வாரம் ஒரு தாளில் சாய்ந்த கையெழுத்தில் பயிற்சியை எழுதிக் கொடுப்பான். அத்தனை தாள்களையும் அவள் அந்த நோட்டுக்குள் ஒட்டி வைத்திருந்தாள்.

இருபத்தொன்பதாம் வயதில் நௌமியாவில் நடக்கும் தீவுகளின் போட்டிக்குப் பத்தாயிரம் மீட்டரில் ஓர் இடம் இருந்தது. தேர்வோட்டத்தில் உலமிலா முதலாவதாக வந்தாள். நாற்பது நொடி கழித்து வந்தவள் கெலேரா, எரோனியின் மனைவிக்குத் தங்கை. அவளும் அவனிடம் பயிற்சி பெற்றவள்தான். இனி மருத்துவப் பரிசோதனை ஒன்றுதான் பாக்கி.

நர்ஸ் பிரமிளா நாடியைப் பிடித்து எண்ணினார். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு மறுபடி எண்ணினார்.

"நாப்பத்தொண்ணு. தலை சுத்துமா? மயக்கம் வந்திருக்கா?"

"இல்ல சிஸ்டர். இது ஓட்டத்தால வந்தது."

"இருக்கலாம்மா. ஆனா கண்ணை மூடிக்கிட்டு நான் கையெழுத்துப் போட முடியாது. கொஞ்சம் கொஞ்சமா கொறஞ்சிருந்தா பயமில்ல, திடீர்னு கொறஞ்சிருந்தாத்தான் கோளாறு. எப்போலேருந்து இப்படி இருக்குன்னு உங்க கோச் ரெண்டு வரி எழுதி, கணக்கையும் காட்டட்டும். தேர்வுக்குழு டாக்டர் பார்த்துட்டு விட்டுருவார். இல்லன்னா சுவா பெரியாஸ்பத்திரியில இதயப் பரிசோதனை முடியறவரைக்கும் ஓடக் கூடாது."

உலமிலா சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். மூன்று வருடக் கணக்கு தலைமாட்டிலேயே இருக்கிறதே. அன்று சாயங்காலமே நோட்டை எரோனியிடம் கொடுத்தாள்.

"ரெண்டு வரி மச்சான். அதிகமா எழுதி உன் இங்கிலீஷைக் காட்டிடாத."

அவன் வழக்கம்போலத் திருப்பிக் கேலி செய்யவில்லை. "சரி, பாத்துக்கறேன்" என்று மட்டும் சொன்னான். தேர்வுக்குழுக் கூட்டத்தை நினைத்துப் பதற்றப்படுகிறான் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை கூட்டம் முடிந்து வந்தவன் வாசலிலேயே நின்றான்.

"கெலேராவைப் போட்டுட்டாங்க. எவ்வளவோ பேசிப் பார்த்தேன். டாக்டர் ஒத்துக்கல."

"நோட்டைக் காட்டினியா?"

"காட்டாம இருப்பேனா? அதை ஆபீஸ்லயே வாங்கி வச்சுக்கிட்டாங்க. சுவாவுல பரிசோதனை முடியட்டும். அதுவரைக்கும் நீ ஓடாத புள்ள. எதுக்கு வம்பு."

சுவா ஆஸ்பத்திரியில் அவளுக்கு நாள் கிடைக்க நான்கு மாதம் ஆனது. சொன்ன சொல்லை மீறாமல் நான்கு மாதமும் உலமிலா ஓடவில்லை. விடியலில் விழிப்பு வந்துவிடும். கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள். புது நோட்டு ஒன்று வாங்கி எண்ணை எழுதினாள். மூன்றாம் வாரம் நாற்பத்தாறு. இரண்டாம் மாதம் ஐம்பத்திரண்டு. மூன்றாம் மாடிக்குப் போர்வைக் கட்டைத் தூக்கிப்போனபோது நெஞ்சு படபடத்தது. படியில் நின்று மூச்சு வாங்கினாள். ஏறுவதற்கு மூன்று வருடம் எடுத்த உடம்பு, இறங்குவதற்கு யாரையும் கேட்கவில்லை. அதற்குள் நௌமியாவில் கெலேரா ஒன்பதாவதாக வந்து, மாலையோடு ஊர் திரும்பினாள். உலமிலாவும் விருந்துக்குப் போய்க் கிழங்கு உரித்துக் கொடுத்தாள்.

சுவாவில் டாக்டரம்மா திரையில் அவள் இதயத்தைக் காட்டினார்.

"இடது அறை நல்லா விரிஞ்சிருக்கு, சுவரும் பலமா இருக்கு. இது ஓடற ஆளோட இதயம். யாரு உன்னை நிறுத்தினது?"

"நாடி கம்மின்னு நிறுத்திட்டாங்க."

"பயிற்சியால வந்ததுன்னு உன் கோச் எழுதியிருந்தா அன்னைக்கே விட்டிருப்பாங்களே." டாக்டரம்மா தேர்வுக்குழு அனுப்பியிருந்த கோப்பைப் புரட்டினார். "இதோ எழுதியிருக்காரே. 'இவர் நாடி இவ்வளவு குறைவாக இருந்து நான் பார்த்ததில்லை. பழைய கணக்கு எதுவும் எங்களிடம் இல்லை.'"

உலமிலா தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். சாய்ந்த கையெழுத்து. சரியாக இரண்டே வரி.

திரும்பும் பஸ்ஸில் அவள் அழவில்லை. கிழங்கு உரித்த கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்ததும் அந்தத் தாளின் நகலைப் பெரியப்பா அபகுகியின் மடியில் வைத்தாள். அப்பா இறந்த பிறகு அந்த வீட்டுக்குப் பெரியவர் அவர்தான்.

செய்தி ஒரே நாளில் எரோனி வீட்டை எட்டியது. அடுத்த ஞாயிறு, தேவாலயம் முடிந்து மதியச் சாப்பாடும் ஆன பிறகு, அவன் தன் சித்தப்பாவோடு வந்தான். யாங்கோனா வேர்க்கட்டு ஒன்றைப் பெரியப்பாவின் முன்னால் பாயில் வைத்துவிட்டுத் தலை குனிந்து உட்கார்ந்தான். மன்னிப்புக் கேட்கும் முறை அது. பெரியப்பா அந்த வேரைத் தொட்டுக் கை தட்டிவிட்டால் ஏற்றுக்கொண்டதாகப் பொருள். அதன்பின் அந்த விஷயத்தை யாரும் வாய் திறந்து பேசக் கூடாது, உலமிலா உட்பட. அவள் சார்பில் அவரே மன்னித்துவிடுவார்.

பெரியப்பா கை நீட்டினார்.

"பெரியப்பா, ஒரு நிமிஷம்" என்றாள் உலமிலா, கதவோரத்திலிருந்து.

அந்த இடத்தில் பெண்கள் குறுக்கே பேசுவதில்லை. சித்தப்பா தொண்டையைச் செருமினார். பெரியப்பா நீட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டார். "ஒரு நிமிஷம்தானே, சொல்லு."

அவள் வந்து எரோனியின் முன்னால் உட்கார்ந்து இடது கையை நீட்டினாள்.

"எண்ணு."

அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவன் விரல்கள் பழகிய இடத்தைத் தாமாகவே தேடிப் பிடித்தன. சுவர்க் கடிகாரத்தின் நொடிமுள் ஒரு முழுச் சுற்று வந்தது.

"எவ்வளவு?"

"அறுபத்தேழு."

"என் நோட்டை வாங்கிட்டுப் போனப்போ எவ்வளவு?"

"நாப்பத்தொண்ணு."

"என்னை ஓட வேணாம்னு சொன்னியே, அது எதுக்கு?"

"நீ ஓடிட்டே இருந்தா ஊரே கேட்கும், இவளுக்கு என்ன கொறைன்னு." அவன் குரல் இறங்கியது. "மாமனார் கேட்டார் உலமிலா. சின்னவளை அனுப்புன்னு கெரேகெரேன்னு வாய்விட்டுக் கேட்டுட்டார். அப்படிக் கேட்டப்புறம் இல்லேன்னு எப்படிச் சொல்றது? உனக்கே தெரியாதா?"

அவளுக்குத் தெரியும். உறவுக்காரர் 'கெரேகெரே' என்று சொல்லிக் கேட்டால், படகானாலும் பன்றியானாலும் எடுத்துக் கொடுத்துவிட வேண்டும். அவளும் கொடுத்திருக்கிறாள்.

"அது உன்னோடதா இருந்தா குடுத்திருக்கலாம்" என்றாள். "நோட்டு எங்க?"

அவன் பைக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தான். எந்த ஆபீசுக்கும் போகாத நோட்டு. அவள் அதை வாங்கிக்கொண்டு பழையபடி கதவோரம் போய் உட்கார்ந்தாள்.

பெரியப்பா வேரைத் தொட்டார். மூன்று முறை கை தட்டினார். விஷயம் முடிந்தது.

முறைப்படி யாங்கோனா கலக்கினார்கள். வீட்டாருக்கு ஊற்றிக் கொடுக்கும் வேலை எரோனிக்கு. ஒவ்வொருவராகக் கொடுத்துவிட்டு உலமிலாவிடம் வந்தான். முகத்தில் பழைய சிரிப்பை வரவழைக்கப் பார்த்தான்.

"என்ன புள்ள, பெரிய சிரட்டைதானே உனக்கு? நெறச்சிரவா?"

சித்தப்பா சிரிக்கத் தயாராக அவள் பக்கம் திரும்பினார்.

"பாதி போதுங்க, எரோனி" என்றாள் அவள்.