ஹெல்மெட்டை ஒளித்து வைத்த டார்லா

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். இன்று டெக்சஸில் மூன்று டயர் கடை வைத்திருக்கிறேன். எங்கள் பள்ளி மைதானத்து ஸ்கோர்போர்டில் ஹாலிஸ் என்ற என் பெயர்தான் கொட்டை எழுத்தில் இருக்கும். அப்படிப்பட்ட என்னையே அதட்டிய ஒரே பெண்பிள்ளை டார்லா ஸ்வோபோடா.

பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மோதி விழுகிற எங்கள் ஃபுட்பால் பையன்களின் உடம்பைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. பதினெட்டு வருடமாகக் கணுக்காலுக்கு டேப் சுற்றுகிறாள், ஐஸ் பெட்டி சுமக்கிறாள். வெயிலில் எவன் சுருளப் போகிறான் என்பது அவனைப் பெற்றவளுக்கு முன்பே அவளுக்குத் தெரியும்.

போன நவம்பரில் அரையிறுதி. நான்கு நிமிடம் பாக்கி, மூன்று பாயிண்ட் பின்தங்கியிருந்தோம். என் பேரன் பிரான்ட்லி தலையில் இடி வாங்கித் தள்ளாடி எழுந்தான். டார்லா அவனை உட்கார வைத்துக் கண்ணைப் பார்த்தாள். அடுத்த நொடி அவன் ஹெல்மெட்டைக் காணோம். அவர்கள் தொழிலில் அப்படித்தான். பையனைக் கட்டிப்போட முடியாது. ஹெல்மெட் இல்லாவிட்டால் நடுவர் உள்ளே விடமாட்டார்.

நான் வேலி தாண்டிக் குதித்தேன். எழுபத்தொரு வயதில்!

"ஏம்மா, ஹெல்மெட் எங்க?"

"பத்திரமா இருக்கு."

"அவன் நல்லாத்தானே நிக்கிறான்!"

"நிக்கிறான். எந்த ஊர்ல நிக்கிறான்னு கேளுங்க."

"ஸ்கோர்போர்டு யாரு வாங்கிக் குடுத்ததுன்னு தெரியுமில்ல?"

"தெரியும் சார். அவன் மூளை எப்படி இருக்குன்னு அது காட்டாது."

அவள் இன்னொருவன் முழங்காலைப் பார்க்கத் திரும்பியதும், பெஞ்சில் கிடந்த வேறொரு ஹெல்மெட்டை எடுத்துப் பேரன் தலையில் மாட்டினேன். "போடா ராஜா, ஜெயிச்சிட்டு வா!"

ராஜா ஓடினான். நேராக எதிரணிக் கூட்டத்துக்குள் நுழைந்து, ஒரு தடியன் தோளில் கைபோட்டு, அவர்கள் திட்டத்தைக் குனிந்து கேட்டான். மைதானமே சிரித்தது. தடியன் எங்கள் பக்கம் பார்த்துக் கத்தினான்: "இவனை யாராவது கூட்டிட்டுப் போங்கப்பா!"

டார்லாதான் ஓடிப்போய்க் கைபிடித்து அழைத்து வந்தாள்.

"கண்ணு, இது என்ன மாசம்?"

"ஜூலை."

எல்லோரும் குளிரில் கோட்டுப் போட்டிருந்தோம். நான் பேரனிடம் ஓடினேன்.

"ஆம்புலன்ஸ் வர்றவரைக்கும் அவன் கையைப் பிடிச்சிட்டு உக்காருங்க. வாயைத் திறக்காம," என்றாள். உட்கார்ந்தேன்.

ஆட்டம் போயிற்று, பையன் ஒரு மாதத்தில் தேறினான். இன்னொரு அடி பட்டிருந்தால் பையனே மிஞ்சியிருக்கமாட்டான் என்றார் டாக்டர்.

திங்கட்கிழமை காபிக் கடையில் ஒருவன், "டார்லாவாலதான் தோத்தோம்" என்றான். "ஹெல்மெட் மாட்டினவன் நான்டா!" என்று எல்லோர் முன்னாலும் மேசையில் அறைந்து சொன்னேன். அவனுக்கு இப்போது என் மூன்று கடையிலும் டயர் கிடையாது.