ஊசி காட்டிய அறுபது

அந்த ஷெட்டில் பதினொரு லாரிகள் ஓடின. டிரைவர்களுக்கு ஆளுக்கொரு பட்டப்பெயர் உண்டு. ஒருவருக்கு மட்டும் பெயர் இல்லை, எண்தான். அவரை எல்லோரும் ‘அறுபதண்ணே’ என்றே கூப்பிட்டார்கள். வயது என்னவோ ஐம்பத்திரண்டுதான். ஆனால் இருபத்தாறு வருஷமாக அவர் கைக்கு வந்த எந்த லாரியும் மணிக்கு அறுபது கிலோமீட்டரைத் தாண்டியதில்லை. காலி வண்டியாக இருக்கட்டும், கண்ணுக்கெட்டிய தூரம் வெறிச்சோடிய சாலையாக இருக்கட்டும், ஊசி அறுபதைத் தொட்டதும் கால் தானாக மேலே வந்துவிடும். முதல் ஆறு வருஷம் கண்ணாடிப் பாளங்கள் ஏற்றிய பழக்கம் அது. அறுபது வரை கண்ணாடி வாய் திறக்காது, அதற்கு மேல் போனால் கிலுகிலுவென்று பேச ஆரம்பித்துவிடும் என்பார்.

“எங்க வீட்டுக்காரருக்கு இருபத்தாறு வயசுலயே அறுபது ஆயிடுச்சு” என்று அவர் மனைவி சொல்லிச் சிரிப்பாள்.

ஷெட்டில் அவர் பேச்சுக்கு இருந்த மதிப்பும் இதிலிருந்து வந்ததுதான். வேகத்தில் பொய் சொல்லாதவன் வேறெதில் பொய் சொல்லப்போகிறான்?

போன வருஷம் அவருடைய லாரியின் பின் ஆக்சிலுக்குள் சக்கரத்தைச் சுழற்றும் பற்சக்கரத்தின் பற்கள் உடைந்துபோயின. பழுது பார்த்துத் தீராது என்று தெரிந்ததும் முதலாளியம்மா பழைய வண்டிகளை உடைத்து விற்கும் இடத்திலிருந்து ஒரு முழு ஆக்சிலை வாங்கி வரச் செய்தார். அது வேறு ரக லாரியினுடையது. நீளம் பொருந்தியது, போல்ட் ஓட்டைகள் பொருந்தின, வெளிப் பட்டறையில் மாட்டி நாலே நாளில் வண்டி சாலைக்கு வந்துவிட்டது. உள்ளே பற்களின் கணக்கு வேறு என்பதை யாரும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

ஏற்றத்தில் மட்டும் வண்டி கொஞ்சம் மூச்சு வாங்கியது. மற்றபடி டிரைவருக்கு ஒரு குறையும் தெரியவில்லை. வீட்டுக்கு முன்னைவிடச் சீக்கிரமே வந்து சேர்ந்தார். புதிதாகப் போட்ட பைபாஸின் புண்ணியம் என்று நினைத்துக்கொண்டார். முன்பெல்லாம் பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டே முந்திப் போவார்கள். இப்போது அதுவும் குறைந்திருந்தது. ஜனங்களுக்குக் கொஞ்சம் நிதானம் வந்திருக்கிறது என்று மனைவியிடம் சந்தோஷமாகச் சொன்னார்.

மூன்றாவது வாரம் சிமெண்ட் மூட்டைகளோடு ஓர் இறக்கத்தில் வந்துகொண்டிருந்தார். காலை பதினொரு மணி, நல்ல வெளிச்சம். ஒரு தொழிற்சாலை வாசலருகே டிராக்டர் ஒன்று சாலைக்குக் குறுக்கே ஏறியது. போதிய தூரம் இருந்தது. அதைக் கண்ணால் அளந்துதான் பிரேக்கை மிதித்தார். டயர்கள் கத்தின. நிற்க வேண்டிய இடத்தில் லாரி நிற்கவில்லை. இடப்பக்கம் ஒடித்தார். டிராக்டர் தப்பித்தது, வாசலில் இருந்த காவலாளியின் கூண்டு லாரிக்கு அடியில் போயிற்று.

காவலாளி உள்ளே இல்லை. பாட்டிலில் தண்ணீர் பிடிக்க இருபதடி தள்ளியிருந்த குழாய்க்குப் போயிருந்தார். அவர் உட்கார்ந்திருந்த இரும்பு நாற்காலி பாயை மடித்தது போல மடிந்து கிடந்தது. அவர் குழாயையும் மூடாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சாயங்காலம் முதலாளியம்மாவின் அறையில் விசாரணை நடந்தது. டிரைவர் நடந்ததை நடந்தபடி சொன்னார்.

“அறுபதுலதாம்மா வந்தேன். அந்தத் தூரத்துல அறுபதுல வர்ற வண்டி நின்னிருக்கணும். நிக்கல.”

அப்படியானால் பிரேக்தான். ஷெட்டின் பிரேக் ஃபிட்டர் சுவரோரம் நின்றிருந்தார். ஒன்பது வருஷமாக அவரும் டிரைவரும் மதியத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒருவர் டிபன் பாக்ஸிலிருந்து மற்றவர் எடுத்துச் சாப்பிட்டவர்கள். முந்தின நாள்தான் அந்த வண்டியின் பிரேக்கை அவர் சரிபார்த்திருந்தார். சாலையில் டயர் தேய்ந்த கோடு இருக்கிறது, பிரேக் பிடிக்காமல் கோடு எப்படி விழும் என்று கேட்டார். முன்பக்கத்துப் பிரேக் பைப் உடைந்திருக்கிறதே என்றார் முதலாளியம்மா. அது இடித்ததில் உடைந்தது என்றார் ஃபிட்டர். இரண்டையும் சொல்லலாம், எதையும் நிரூபிக்க முடியாது. கடைசியில் முதலாளியம்மா டிரைவரைக் காட்டி ஒன்றே ஒன்று சொன்னார்.

“அவரு வேகத்துல பொய் சொல்ல மாட்டாருப்பா. அது உனக்கே தெரியும்.”

பிறகு அவருடைய கணக்கை முடித்துவிடச் சொன்னார். ஃபிட்டர் தலையை ஆட்டினார். மறுநாள் தன் ஸ்பேனர்களைச் சாக்கில் கட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார். டிரைவருக்கு மனசு வலிக்கத்தான் செய்தது. ஆனால் உண்மையைத்தானே சொன்னோம் என்று இருந்தார். அதற்குப் பிறகு மதியத்தில் அவர் வண்டிக்குள்ளேயே சாப்பிட்டார்.

பத்து மாதம் ஓடியது. ஒரு புதன்கிழமை காலை மீட்டர் ஊசி வெட்டி வெட்டித் துடிக்க ஆரம்பித்தது. வேகம் தெரியாமல் ஓட்ட அவரால் முடியாது. நேராக மீட்டர் ரிப்பேர் கடைக்கு வண்டியை விட்டார். பேட்டரிக் கடைக்குப் பின்னால் ஒரே அறை. சுவர் முழுக்கக் கண்ணாடி போட்ட மீட்டர்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் நின்றுபோனவை. கடையை நடத்தியது நாற்பது வயதுப் பெண் ஒருவர். மூக்குக் கண்ணாடிக்கு மேல் இன்னொரு பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வேலை செய்வார். மீட்டர்க்காரம்மா என்றால் எல்லா டிரைவர்களுக்கும் தெரியும்.

கேபிள் நைந்திருந்தது. புதிதாக மாட்டினார். பிறகு வழக்கம்போல் தானும் வண்டியில் ஏறிக்கொண்டு நெடுஞ்சாலைக்கு விடச் சொன்னார். ஊசியை அறுபதிலேயே நிறுத்தச் சொல்லி, ஒரு கிலோமீட்டர் கல்லிலிருந்து அடுத்த கல் வரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அறுபதில் போனால் சரியாக ஒரு நிமிஷம் ஆக வேண்டும். நாற்பத்தொன்பது விநாடி ஆயிற்று. கல்லை யாராவது தப்பாக நட்டிருப்பார்கள் என்று டிரைவர் சொன்னார். அடுத்த கல்லுக்கும் நாற்பத்தொன்பது. அதற்கடுத்ததற்கும் நாற்பத்தொன்பது. எல்லாக் கல்லையுமா தப்பாக நடுவார்கள்?

டிரைவர் வண்டியைத் திருப்பினார். திரும்பும்போது நாற்பதில் வந்தார்.

கடை வாசலில் மீட்டர்க்காரம்மா குனிந்து, கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் நீளத் தண்டில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். பின் டயரில் ஒரு கோடு. பேட்டரிக் கடை ஆட்கள் நாலு பேரைக் கூப்பிட்டுக் காலி வண்டியை மெதுவாகத் தள்ளச் சொன்னார். டயர் ஒரு சுற்று சுற்றுவதற்குள் தண்டு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணினார். டிரைவரையும் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணச் சொன்னார். இருவருக்கும் ஐந்தரைதான் வந்தது. தன் பழைய நோட்டைப் புரட்டினார். இந்த ரக லாரிக்கு ஏழுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்க வேண்டும்.

“ஆக்சில் மாத்துனீங்களாண்ணே?”

“வருஷம் ஆகப்போகுதும்மா.”

“மீட்டரை யாரும் சரி பண்ணலையா?”

மீட்டருக்கும் ஆக்சிலுக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் கேட்டார். மீட்டர் சக்கரத்தைப் பார்ப்பதே இல்லை, இந்தத் தண்டு எவ்வளவு சுற்றுகிறது என்றுதான் பார்க்கிறது என்று அந்த அம்மா விளக்கினார். முன்பு தண்டு ஏழு தடவை சுற்றினால்தான் சக்கரம் ஒரு தடவை சுற்றும். இப்போது ஐந்தரைக்கே சுற்றிவிடுகிறது. அது மீட்டருக்குத் தெரியாது.

“ஆனா எஞ்சின் சத்தம் அதே சத்தமாச்சேம்மா. எனக்குக் காது இருக்குல்ல?”

“எஞ்சினும் அந்தத் தண்டோடதானேண்ணே சேர்ந்திருக்கு. சத்தமும் மாறாது.”

கண்ணும் காதும் கூடிப் பேசிக்கொண்டு அவரை ஏமாற்றியிருந்தன. அப்படியானால் ஊசி அறுபது காட்டும்போது நிஜத்தில் எவ்வளவு வேகம் என்று கேட்டார். எழுபத்து மூன்று என்றார் மீட்டர்க்காரம்மா.

டிரைவர் கடையின் படியில் உட்கார்ந்தார். பள்ளிக்கூட வாசல்களைத் தாண்டிய காலைகள் நினைவுக்கு வந்தன. மழையில் போனது, மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்து அவள் தங்கச்சி வீட்டுக்குக் கூட்டிப்போனது. அப்போது அவள் அவர் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டே வந்தாள். எல்லாம் எழுபத்து மூன்று. பிறகு அந்த மடிந்த நாற்காலி நினைவுக்கு வந்தது. அதற்குப் பின்னால்தான், மெதுவாக, ஃபிட்டரின் முகம் வந்தது.

“ஏம்மா, எழுபத்து மூணுல பிரேக் அடிச்சா நிக்க எவ்வளவு தூரம் வேணும்?”

“அறுபதுக்கு ஆகுறதை விட ஒன்றரை மடங்கு.”

மீட்டர்க்காரம்மா தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அது வைத்தபடியே இருந்தது. அவர் கேட்கக் காத்திராமல் அந்த அம்மா வேலையைத் தொடங்கினார். தீப்பெட்டி அளவில் ஒரு சின்னப் பெட்டி. உள்ளே இருபத்திரண்டு பல் சக்கரம் ஒன்று பதினெட்டுப் பல் சக்கரத்தைச் சுழற்றும். அதைக் கியர்பாக்ஸுக்கும் கேபிளுக்கும் நடுவில் பொருத்தினால் தண்டு குறைவாகச் சுற்றியதை மீட்டருக்குச் சரிக்கட்டிச் சொல்லிவிடும். முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. மறுபடி நெடுஞ்சாலைக்குப் போய்ப் பார்த்தார்கள். ஊசி அறுபதில் நின்றபோது கல்லுக்குக் கல் ஒரு நிமிஷம். வண்டி நகர்கிறதா இல்லையா என்று அவருக்குச் சந்தேகமாக இருந்தது. பின்னால் ஹாரன்கள் ஆரம்பித்தன.

நடந்ததையெல்லாம் ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு, அவர் முதலாளியம்மாவிடம் போனார். முதலாளியம்மா தாளை இரண்டு தடவை படித்தார்.

“அந்த ஆக்சிலை வாங்கச் சொன்னதே நான்தானேப்பா” என்றார். பிறகு, “அந்த ஃபிட்டர் சொன்னதை நான் காதுலயே போட்டுக்கலையே” என்றார்.

ஃபிட்டர் இப்போது ஊரின் மறுகோடியில் பஸ் கம்பெனி ஷெட்டில் வேலை பார்த்தார். சாயங்காலம் டிரைவர் அங்கே போனபோது அவர் ஒரு பஸ்ஸுக்கு அடியில் இருந்தார். ஒரு நட்டை இறுக்கினார், டார்ச் அடித்துப் பார்த்தார், மறுபடி இறுக்கினார், நகர்ந்துபோய்த் திரும்பி வந்து அதையே மூன்றாவது தடவையும் தொட்டுப் பார்த்தார். முன்பு அவர் அப்படியில்லை. கை ஒரு தடவை வைத்தால் வைத்ததுதான்.

டிரைவர் நின்றபடியே சொல்லி முடித்தார். ஃபிட்டர் வெளியே வந்து, தாளை வாங்கி, அழுக்குக் கையோடு படித்தார். அவருக்குக் கோபம் வரும், வாய்க்கு வந்தபடி திட்டுவார் என்று டிரைவர் காத்திருந்தார். ஃபிட்டரோ பஸ் சக்கரத்தில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“நான் நம்பிட்டேண்ணே” என்றார்.

“எதை?”

“நீங்க சொன்னதை. அண்ணன் பொய் சொல்ல மாட்டாரு, அப்ப நான்தான் எதையோ இறுக்காம விட்டிருக்கேன்னு. எதைன்னு பத்து மாசமா யோசிக்கிறேன்.”

டிரைவர் அதை எதிர்பார்க்கவில்லை. தான் சொன்னதை ஊர் நம்பியது என்றுதான் அவருக்குத் தெரியும். இந்த மனுஷன் சொந்தக் கை செய்த வேலையைவிட என் பேச்சை நம்பியிருக்கிறான் என்பது இடி விழுந்தது போல இருந்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். எதற்கென்று கேட்பது? பொய் சொல்லவில்லை, உண்மையும் சொல்லவில்லை. கடைசியில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

ஃபிட்டர் தாளைத் திருப்பிக் கொடுத்து, இதை என்னிடம் சொன்னால் போதாது, வீட்டுக்கு வந்து சொல்லுங்கள் என்றார். இருவரும் நடந்தே போனார்கள். ஃபிட்டரின் மனைவி வாசலில் வந்து நின்றாள். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. டிரைவர் மறுபடியும் முதலிலிருந்து சொன்னார்.

“அன்னைக்கு மீட்டர்ல எவ்வளவு காட்டுச்சு?” என்று கேட்டாள்.

“அறுபதும்மா.”

“நிஜத்துல?”

“எழுபத்து மூணு.”

அவள் போனை எடுத்துத் தன் அண்ணனைக் கூப்பிட்டு டிரைவரிடம் கொடுத்தாள். அவருக்கும் சொன்னார். பிறகு மாமியாரை எழுப்பி வந்து உட்காரவைத்தாள். அவருக்கும் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தபோது அவரையும் நிறுத்திவைத்துச் சொல்லச் சொன்னாள். அந்த வாசலில் நாலாவது தடவை சொல்லும்போது டிரைவருக்குக் குரல் உடைந்தது. அப்போதுதான் அவள் நாற்காலி எடுத்துப் போட்டாள்.

திங்கட்கிழமை காலை, வண்டிகள் கிளம்புவதற்கு முன்னால், முதலாளியம்மா எல்லா டிரைவர்களையும் ஷெட்டில் நிற்கவைத்தார். ஃபிட்டரும் வந்திருந்தார். பிரேக்கில் ஒரு குறையும் இல்லை, ஆக்சிலை மாற்றியபோதுதான் தப்பு நடந்தது, இவரை நான் அநியாயமாக அனுப்பினேன் என்று மூன்றே வாக்கியத்தில் சொன்னார். திரும்பி வரச்சொல்லிக் கேட்டார். ஃபிட்டர் யோசித்துத்தான் பதில் சொன்னார்: பஸ் ஷெட்டிலேயே இருந்துகொள்கிறேன், அங்கே கை பழகிவிட்டது. எட்டரைக்கு வேலை, நேரமாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டு கிளம்பினார். டிரைவர் கேட் வரை கூடப் போனார். மதியம் லோடு எந்தப் பக்கம் என்று ஃபிட்டர் விசாரித்தார். பஸ் ஷெட் வழியாகத்தான் என்றார் டிரைவர். அப்படியானால் சாப்பாட்டு நேரத்துக்கு ஓரமாக நிறுத்துங்கள் என்று சொல்லிவிட்டு ஃபிட்டர் வேகமாக நடந்தார்.