செயற்கைக்கோளுக்கு ஓர் அர்ச்சனை

போன மாதம் ஒரு வியாழக்கிழமை. காலையில் பளீரென்று வெயில். மொட்டை மாடியில் வடகம் காயப் போட்டிருந்தேன்.

எதிர்வீட்டு ஆட்டோக்காரர் மாரி போனை நீட்டிக்கொண்டு வந்தார்.

"யக்கா, இன்னா வடகம் போட்டுகினு கீறே? இத்த பாரு. சேட்டிலைட்டு மேலேர்ந்து புடிச்ச படம். இம்மாம் பெரிய மேகம் நம்மளப் பாத்து வந்துகினு கீது. பாப்பாவ இட்டுகினு கெளம்பு."

பாப்பா என்றது என் மகள் கலாவை. ஒன்பது மாதக் கர்ப்பிணி. நாங்கள் இருப்பதோ ஐயப்பன்தாங்கலில், பள்ளமான தெருவில், தரைத்தளத்தில்.

எனக்கோ வேறு கவலை. கலாவுக்குச் சுகப்பிரசவம் ஆக வேண்டும் என்று மாங்காட்டு அம்மனுக்கு ஆறு வாரம் எலுமிச்சம்பழம் வைப்பதாக வேண்டுதல். ஐந்து வெள்ளி முடிந்துவிட்டது. மறுநாள் ஆறாவது. விட்டால் எல்லாமே வீணாகிவிடாதா?

"நாளைக்குக் கோயிலுக்குப் போயிட்டு வந்துடறேன் மாரி."

"நாளைக்கு ஆட்டோ ஓடாது யக்கா... தண்ணில போட்டுதான் ஓடும்!"

ராக்கெட் செய்தி வந்தாலே சேனலை மாற்றுகிறவள் நான். நிலாவுக்குப் போய் என்ன ஆகப்போகிறது? அங்கேயும் யாராவது கல் நட்டு, கொடி கட்டி, ப்ளாட் விற்பார்கள் — அவ்வளவுதானே என்று நினைப்பேன். ராக்கெட்டில் போனது பிடித்த படத்தை நம்பி வேண்டுதலை விடுவதா?

கலா என் கையைப் பிடித்தாள். "எனக்காகத்தானேம்மா வேண்டிக்கிட்ட? எனக்குப் பயமா இருக்கும்மா."

கிளம்பினோம். அம்பத்தூரில் என் தங்கை வீடு. இரண்டாவது மாடி.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். அன்று காலைதான் கலாவுக்கு வலி எடுத்தது. தங்கை வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி இரண்டு தெருதான். மதியம் பெண் குழந்தை.

எங்கள் வீட்டிலேயே இருந்திருந்தால்...?

தீட்டு கழிந்ததும் மாங்காட்டுக்கு ஓடினேன். "தாயே, மன்னித்துக்கொள்" என்று அழுதேன். மறுபடியும் முதல் வாரத்திலிருந்து ஆரம்பித்துவிட்டேன். பிறகு அர்ச்சனைத் தட்டைக் கொடுத்தேன்.

மகள், பேத்தி பெயர், நட்சத்திரம் எல்லாம் சொன்னேன். "இன்னும் யாருக்காவது இருக்காம்மா?" என்றார் குருக்கள்.

"செயற்கைக்கோளுக்கு, சாமி. மேலே நின்னு மழையைப் படம் பிடிக்குதே... நட்சத்திரம் தெரியலை."

அவர் சிரிக்கவில்லை. "நட்சத்திரம் தெரியலைன்னா அம்பாள் பேருக்கே பண்ணிடலாமேம்மா."

"அம்பாளுக்கு ஊரே பண்ணுது சாமி. பாவம்... அதுக்கு யார் இருக்கா?"