மீசை வைத்த விதவை

வெங்காயம் நறுக்கும்போதுதான் டான் எரிபெர்தோ நாட்டுக்காக அழுது பழகுவார். விடியற்காலையில் அவருடைய சூப் வண்டியின் ஓரத்தில் ரேடியோ செய்தி வாசித்துக்கொண்டிருக்கும். வெங்காயத்தை மெல்லிசாகச் சீவியபடியே, கேட்ட செய்தியை உதட்டுக்குள் ஒப்பாரியாக்கிப் பார்ப்பார். சரியாக வந்துவிட்டால் கத்தியைக் கீழே வைத்து மார்பில் ஒரு தட்டு தட்டிக்கொள்வார். வராவிட்டால் பழி அமைச்சர் மேல் விழும். “அழுறதுக்குக்கூட லாயக்கில்லாத சேதியா சொல்றானுங்க” என்று சலித்துக்கொண்டு அடுத்த வெங்காயத்தை எடுப்பார்.

குவாயகில் நகரின் தென்கோடியில், உப்பங்கழியை ஒட்டிய தெருவில் நிற்கிறது அந்த வண்டி. சூரை மீன், மரவள்ளிக்கிழங்கு, மேலே ஒரு கை வெங்காயம், பிழிந்துகொள்ள எலுமிச்சை. முதல் நாள் ராத்திரி குடித்தவர்களுக்கு அது மருந்து, குடிக்காதவர்களுக்குக் காலைச் சாப்பாடு. டான் என்பது ஊர் கொடுக்கும் மரியாதை, ஐயா மாதிரி. ஆள் பருமன், வழுக்கை. மீசையை மட்டும் மணமகன் மாதிரி சீவி வைத்திருப்பார்.

அந்த மீசையோடுதான் டிசம்பர் கடைசி நாளில் அவர் விதவையாவது. போகிற ஆண்டைக் கொடும்பாவி கட்டி எரிக்காமல் இந்த ஊரில் புத்தாண்டு பிறப்பதில்லை. பழைய சட்டையிலும் காற்சட்டையிலும் மரத்தூளை அடைத்து, காகித முகமூடி மாட்டி, நாற்காலியில் சாய்த்து வைத்துவிடுவார்கள். சாகப்போகிறவனுக்கு அழ ஒரு பெண்டாட்டி வேண்டாமா? அதற்காக ஆண்கள் கறுப்புப் பாவாடை கட்டிக்கொண்டு, தெருவின் குறுக்கே கயிறு பிடித்து வண்டிகளை மறித்துச் சில்லறை கேட்பார்கள். மற்ற விதவைகள் கண்ணடிப்பார்கள், டிரைவர் மடியில் உட்கார்ந்து கூத்தடிப்பார்கள். டான் எரிபெர்தோ அந்த ரகமில்லை. அவர் மாதவாரியாக அழுவார். ஜனவரியில் தொடங்கி, ஒவ்வொரு மாதமும் ஆண்டு என்கிற அந்தப் புருஷன் வீட்டுக்கு என்ன அநியாயம் பண்ணினான் என்று அவன் காலடியில் உட்கார்ந்து சொல்லிச் சொல்லி அழுவார். தெருவே நாற்காலி போட்டுக் கேட்கும்.

நாலைந்து நாளுக்குள் மூன்று பேர் ஜனாதிபதி என்று சொல்லிக்கொண்ட ஆண்டில், “மூணு பேர்ல எவன் எம் புருஷன்னு யாராச்சும் சொல்லுங்களேன், தாலி பாரம் தாங்கலையே” என்று அவர் கேட்டதை இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். வங்கிகள் பூட்டிக்கொண்ட ஆண்டில் அவர் அழுததைக் கேட்டுச் சிரித்தவர்கள் பாதியிலேயே நிஜமாக அழுதார்களாம். ராணுவம், திருச்சபை, சட்டசபை, எதையும் விட்டதில்லை. “விதவ வாய எவன் அடைக்க முடியும்?” என்பது அவருடைய பெருமை.

இந்த ஆண்டு அவருக்குத் தீனிக்குப் பஞ்சமில்லை. ஜனவரியிலேயே துப்பாக்கிக்காரர்கள் தொலைக்காட்சி நிலையத்துக்குள் நேரலையில் நுழைந்தார்கள், ஊரடங்கு வந்தது. ஏப்ரலில் வரிசையாகக் கேள்விகளைக் கேட்டு, ஆமாம், இல்லை என்று குத்தச் சொல்லி நாடு முழுக்க வாக்கெடுப்பு. செப்டம்பரில் மலையில் மழை இல்லை, அணையில் நீர் இல்லை என்று மின்சாரத்தை நிறுத்தினார்கள். அவர் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் வெங்காயம் நறுக்கிப் பல வரிகளைச் சேர்த்து வைத்திருந்தார்.

ஜூலையில்தான் சிக்கல்.

ஜூலையில் ரொட்டிக்கடை கொலோன் யாகுவாலைச் சுட்டுக் கொன்றார்கள். ரவுடிக் கும்பலுக்கு வாரக் கப்பம் கட்ட முடியாது என்று சொன்ன மனிதர். தடுப்பூசி என்று அந்தக் கப்பத்துக்கு இங்கே பெயர், போட்டுக்கொண்டால் கடைக்கு நோய் வராது. டான் எரிபெர்தோவும் வெள்ளிக்கிழமை தவறாமல் போட்டுக்கொள்கிறவர்தான். ரொட்டிக்கடைக்கு நேர் எதிரே, கையில் கரண்டியோடு அவர் நின்றிருந்தபோதுதான் அது நடந்தது. போலீஸ் வந்து விசாரித்தது. தெருவில் யாரும் பார்க்கவில்லை. அவரும் பார்க்கவில்லை. இப்போது எல்லோரும் இரண்டு தெரு தள்ளிப் போய் ரொட்டி வாங்குகிறார்கள், ஏன் என்று ஒருவரும் பேசுவதில்லை.

அவர் மனைவி கிளெண்டா ரொம்பக் கெட்டிக்காரி. பயந்தவளும்கூட. புருஷன் ஜூலையைத் தொடாமல் ஜூனுக்கும் ஆகஸ்டுக்கும் தாவித் தாவிப் பழகுவதைப் பார்த்துவிட்டு அவளே வழி சொன்னாள்.

“கெழவா, ஜூலைக்குப் பந்தாட்டத்தச் சொல்லிடு. அர்ஜென்டினாகிட்ட பெனால்டில தோத்தமே, அதவிடவா ஒப்பாரிக்கு வேணும்? சனம் சிரிச்சுக்கிட்டே அழும். நீயும் முழுசா வீடு வந்து சேருவே.”

நல்ல வரிதான். இரண்டே நாளில் மனப்பாடம் ஆகிவிட்டது. கோல்கம்பத்தில் பட்டுத் திரும்பிய பந்தை மாமியார் வீட்டிலிருந்து திரும்பி வந்த பெண்ணாக்கி அவர் இழுக்கும்போது, சூப் குடிக்க வந்தவர்களுக்குப் புரையேறியது.

கடைசி நாள் காலையில் கொலோனின் மனைவி மரியேலா கிண்ணத்தோடு வந்தாள். ஜூலைக்குப் பிறகு அவள் வண்டிப்பக்கம் வருவது அதுதான் முதல் தடவை. கறுப்பு உடை வெளுக்கத் தொடங்கியிருந்தது. அவர் சூப்பை ஊற்றும்வரை கிண்ணத்தை நீட்டியபடி நின்றாள்.

“எல்லாத்துக்கும் அழுறீங்கண்ணே. எங்க வீட்டுக்காரருக்கு ஒரு வரி வச்சிருக்கீங்களா?”

அவர் கிண்ணத்தில் இன்னும் ஒரு கை வெங்காயத்தைப் போட்டார். அவள் அதைக் குற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை. காசை வைத்துவிட்டுப் போய்விட்டாள். அவருக்கு வெட்கமாக இருந்தது. வண்டியைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்த வெட்கம் கூடவே வந்தது.

மத்தியானம் கிளெண்டா அவருக்குக் கறுப்புப் பாவாடையைக் கட்டிவிட்டாள், வழுக்கைத் தலையில் சுருள் முடி டோப்பாவைப் பொருத்தினாள், கன்னத்தில் பவுடரை அப்பினாள். பந்தாட்டத்தை மறந்துவிடாதே என்று இரண்டு தடவை சொன்னாள். அவரும் தலையாட்டினார்.

வெயில் தாழ்ந்த நேரத்தில் தெரு நிறைந்திருந்தது. மூலையில் மோட்டார் சைக்கிளில் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளிக்கிழமைகளில் தடுப்பூசி போட வருகிறவர்கள். அவர்களும் சிரிக்கத்தான் வந்திருந்தார்கள். மரியேலா ரொட்டிக்கடையின் சாத்திய கதவை ஒட்டி நின்றாள்.

விதவை கொடும்பாவியின் காலைக் கட்டிக்கொண்டு தொடங்கினாள். “ஜனவரியில துப்பாக்கியோட வீட்டுக்குள்ள வந்தியே, டிவியில சீரியல் பாத்துக்கிட்டு இருந்தவ கைதூக்கி நின்னேனே!” தெரு கொல்லென்று சிரித்தது. “ஏப்ரல்ல கேள்வியா கேட்டுக் கொன்னியே, ஒண்ணும் வெளங்காம எல்லாத்துக்கும் ஆமான்னு குத்திட்டு வந்தேனே!” மோட்டார் சைக்கிளில் இருந்தவர்களில் ஒருவன் தொடையில் தட்டிக்கொண்டான். மே முடிந்தது, ஜூன் முடிந்தது.

“ஜூலையில...” என்று இழுத்தார் டான் எரிபெர்தோ.

“பெனால்டி, பெனால்டி” என்று யாரோ எடுத்துக்கொடுத்தார்கள். கிளெண்டா கூட்டத்துக்குள்ளிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வாயைத் திறந்தார். பந்தாட்ட வரி நுனிநாக்கில்தான் இருந்திருக்கும். ஆனால் வாய் மூடிக்கொண்டது.

கொடும்பாவியின் காலை விட்டுவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தார். ரொட்டிக்கடைப் பக்கம் திரும்பினார். சவ ஊர்வலம் போகும்போது தொப்பியை எடுப்பார்களே, அதேபோல் டோப்பாவைக் கழற்றி மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, பவுடர் கன்னத்தோடு அசையாமல் நின்றார்.