ஃப்ரிட்ஜ்காரரின் விரல்கள்

புற்றுநோய்ப் பிரிவின் காத்திருப்பு அறையில் எல்லோரும் அவனிடம் கேட்டது ஒரே கேள்வி. "அப்பாவைக் கூட்டிட்டு வந்தீங்களா தம்பி?" சுற்றிலும் நரைத்த தலைகள், நடுவில் முப்பத்துமூன்று வயதில் இவன். "இல்லங்க, நோயாளி நான்தான்" என்பான். உடனே ஒரு உச்சுக்கொட்டல் வரும். அதைக் கேட்டாலே அவனுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு வருஷமாக ரத்தம் போனபோது, "இந்த வயசுல வேற என்ன, மூலமாத்தான் இருக்கும்" என்று களிம்பைக் கொடுத்து அனுப்பியவர்களும் இதே வயதைத்தான் காரணம் சொன்னார்கள். பெருங்குடலில் கட்டி அதுபாட்டுக்கு வளர்ந்துகொண்டிருந்தது.

தொழில் ஃப்ரிட்ஜ் ரிப்பேர். தெருவில் பட்டப்பெயர் 'ஐஸ்'. கண்ணுக்கு எட்டாத மூலையில் கையை விட்டுத் துழாவி, எந்த ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது, அது என்ன சைஸ் என்று விரலாலேயே சொல்லிவிடுவான். ஆபரேஷன் முடிந்து ஊசி மருந்து ஏற்றத் தொடங்கியதும் ஃப்ரீஸரைத் தொட்டால் கையில் ஷாக் அடித்தது. இந்த மருந்துக்குக் குளிர் ஆகாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். "ஐஸுக்கே ஐஸ் ஆகலையாம்!" என்று சிரித்துவிட்டுக் கையுறை மாட்டிக்கொண்டான்.

ஏழாவது தடவை மருந்து ஏற்றிய பிறகு விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்தன. சிரிப்பும் அதோடு நின்றது.

சிஸ்டர் ஒவ்வொரு தடவையும் தவறாமல் கேட்பார். "கை கால் மரத்துப்போகுதா?"

"ஒண்ணும் இல்ல சிஸ்டர்."

பச்சைப் பொய். மரத்துப்போகுது என்று சொன்ன பக்கத்துப் படுக்கைப் பெரியவருக்கு மருந்தைக் குறைத்ததை அவன் கண்ணால் பார்த்திருந்தான். தனக்கும் குறைத்தால் நோய் திரும்பி வந்துவிடும். குறைக்காவிட்டால் கை போய்விடும், கை போனால் அவன் யார்? மகளுக்கு நாலு வயசு. யாரிடம் கேட்பது? அந்த அறையில் மற்றவர்கள் பேரன் கல்யாணத்தைப் பார்த்துவிடுவோமா என்று கவலைப்பட்டார்கள். மகள் தன் முகத்தையாவது ஞாபகம் வைத்திருப்பாளா என்பது இவன் கவலை.

ஒன்பதாவது தடவை மனைவியும் உள்ளே வந்தாள். சிஸ்டர் கேட்டார். "ஒண்ணும் இல்ல" என்றான்.

"பொய் சிஸ்டர்" என்றாள் மனைவி. "காலையில பாப்பாவுக்குப் பட்டன் போடுறேன்னு பத்து நிமிஷம் மல்லுக்கட்டினாரு. கடைசியில 'விடுப்பா'ன்னு அவளே போட்டுக்கிட்டா."

"நீ சும்மா இரேன்."

"சும்மா இருந்துதானே இவ்வளவு தூரம் வந்திருக்கு?"

அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. சட்டைப் பையில் எப்போதும் கிடக்கும் நாலைந்து ஸ்க்ரூக்களை மேஜைமேல் கொட்டினான். "எதை வேணாலும் விரல்ல வைங்க சிஸ்டர். கண்ணை மூடிட்டே சைஸ் சொல்றேன்."

கண்களை இறுக்கி மூடி, கையை மல்லாத்தி விரல்களை நீட்டினான். வெளியே யாரோ டோக்கன் நம்பரைக் கூப்பிட்டார்கள். தள்ளுவண்டி ஒன்று கடகடவென்று போனது.

"வைங்க சிஸ்டர்."

மனைவி மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

"அட, வைங்க சிஸ்டர். எவ்வளவு நேரம்?"

கண்ணைத் திறந்தான். சின்ன ஸ்க்ரூ ஒன்று ஆள்காட்டி விரல் நுனியில் கிடந்தது. விழுந்தால் பிடிக்க, சிஸ்டர் தன் கையைக் கீழே ஏந்தியிருந்தார்.

"எப்ப வெச்சீங்க?" என்றான்.

சிஸ்டர் அந்த ஸ்க்ரூவை எடுத்து அவன் சட்டைப் பையிலேயே போட்டார். நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "டாக்டர் வரட்டும், மருந்தை என்ன பண்றதுன்னு உங்களையும் வெச்சுக்கிட்டே பேசுவோம். இப்ப மறைக்காம சொல்லுங்க தம்பி. எது பயமா இருக்கு?"

வழக்கமான பதில் நாக்கு நுனிவரை வந்தது. மனைவியைப் பார்த்தான்.

"எல்லாமே சிஸ்டர்" என்றான்.