மணியடித்தால் நிற்கும் உலக்கை

கிறிஸ்தவக் குருவானவராகப் படிக்கப் போனபோது, வாவிக்காற்று வரும், வீடும் கிட்ட என்பதற்காகவே அந்தக் குருமடத்தைத் தெரிந்தெடுத்தவன் நான்.

அங்கே சமைத்தவர் பழுகாமத்திலிருந்து பஸ்ஸில் வரும் அம்மா ஒருவர். நெற்றி நிறையத் திருநீறு, ஓயாத கை. மாலையில் எங்கள் படிப்பு மணி அடித்தால் மட்டும், தேங்காய்ச் சம்பல் இடிப்பதைப் பாதியில் விட்டு, உலக்கையைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார்.

ஒருநாள் படிப்பு நேரத்தில் தேநீர் கேட்டு அடுப்படிக்குப் போனேன். ஏன் இப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"இடிச்சா உங்கட படிப்புக் குழம்பும் பிரதர். வேல முடியச் சுணங்கும், முந்தின பஸ்ஸ விட்டுட்டு ஏழு மணி பஸ்ஸிலதான் போறன். நீங்க படிச்சாக் காணும், அது போதும் எனக்கு."

தேநீரை நீட்டியவர், தூக்கத்தில் புத்தக விளிம்பு பதிந்திருந்த என் கன்னத்தைப் பார்த்தார். திரும்பிப் போய்ச் சுவரோரம் உட்கார்ந்தார்.

மறுநாளும் மணி அடித்ததும் உலக்கைச் சத்தம் நின்றது. அந்த அமைதியில் என்னால் தூங்கவும் முடியவில்லை, ஒரு வரி படிக்கவும் முடியவில்லை.